காட்டேரியின் கைகள் பேசியபோது

காட்டேரிப் படம் ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதப் போகிறோம் என்றால், வாசகர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடும்பங்கள் கூடியிருந்து படிக்கும் இதழில் இரத்தம் குடிக்கும் பேய்க்கு என்ன வேலை என்று பாட்டிமார் கேட்பர். கதையை முதலில் சொல்லுங்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்பர். இரு சாராரும் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். பேயைவிட, அந்தப் பேய் பேசிய மொழியே இங்கு நம் கவனத்துக்குரியது.

1975-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் 'டெஃபுலா' என்றொரு படம் வெளிவந்தது. 'டிராகுலா' என்னும் பெயரோடு, காது கேளாமையைக் குறிக்கும் 'டெஃப்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி, வேடிக்கையாகச் சூட்டிய பெயர் அது. படத்தை இயக்கியவரும் அதன் கதைத்தலைவனாக நடித்தவரும் ஒருவரே. பீட்டர் வெக்ஸ்பர்க் என்னும் அவர், 'பீட்டர் வுல்ஃப்' என்ற பெயரில் இப்படத்தை உருவாக்கினார். அவர் காது கேளாதவர். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படத்தின் உரையாடல் முழுவதும் அமெரிக்கச் சைகை மொழியில் அமைந்தது. அம்மொழியில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் அதுவே என்பர்.

கதை எளியது. ஸ்டீவ் ஆடம்ஸ் என்பவன் இறையியல் பயிலும் மாணவன். சமய போதகர் ஒருவரின் மகன். அவன் தாயின் வயிற்றில் இருந்தபோதே அத்தாயை டிராகுலா தீண்டிவிட்டான். அதன் பயனாக, வேதநூலைப் பயிலும் இம்மாணவன் இரத்தம் குடிக்கும் பேயாக மாறி மாறித் திரிகிறான். ஊரில் கொலைகள் நிகழ்கின்றன. துப்பறிவோர் புறப்படுகின்றனர். இத்தகைய கதைகளில் வழக்கமாக வரும் அனைத்தும் இதிலும் வருகின்றன. படத்தை ஒரு கலைச் சிகரம் என்று எவரும் சொல்லார். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் என்பது பார்த்தவுடனே தெரியும்.

ஆயினும் அதில் ஒரு செய்தி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அப்படத்தில் வரும் உலகில் எல்லாரும் சைகையால் பேசுகின்றனர். துப்பறியும் அதிகாரி சைகையால் வினவுகிறார். தந்தை சைகையால் மகனுக்கு அறிவுரை கூறுகிறார். பேயும் சைகையால் மிரட்டுகிறது. 'இவர் காது கேளாதவர், பாவம்' என்று அங்கு ஒருவரும் ஒருவரையும் சுட்டிக் காட்டுவதில்லை. மீன்கள் வாழும் குளத்தில் நீந்தத் தெரிந்தவன் என்று எந்த மீனுக்கும் பட்டம் கொடுப்பதில்லை அல்லவா? அதுபோல.

கதையில் ஒரு பணியாளும் வருகிறான். அவனுக்குக் கைகள் இருக்கவேண்டிய இடத்தில் தகரக் குவளைகள் உள்ளன. காது கேட்கும் நம்மவர் அதைக் கண்டு நகைக்கலாம். அல்லது கோரம் என்று கண்ணை மூடலாம். ஆனால் கைகளே நாவாக இருக்கும் உலகில், கையிழந்தவன் பேச்சிழந்தவன் ஆகிறான். நாம் நெடுங்காலமாக 'ஊமை' என்னும் சொல்லை யார்மீதெல்லாமோ எளிதாக எறிந்து வந்திருக்கிறோம். அந்த உலகிலோ, அந்தக் கையற்ற பணியாள் ஒருவனே பேச இயலாதவன். மற்றவர் எவரும் ஊமையர் அல்லர்.

அடுத்து, காது கேட்போரை இப்படம் எவ்வாறு நடத்தியது என்பதைக் காண்போம். சைகை மொழி அறியாதவர் படத்தைப் பின்தொடர முடியாதே! அதற்காக ஒரு பின்னணிக் குரல் தடம் சேர்க்கப்பட்டது. திரையில் கைகள் பேசப் பேச, அச்சொற்களைக் குரல்கள் ஆங்கிலத்தில் ஒலிக்கும். குரல் திரையில் உள்ளவருடையது அன்று. உதடும் ஒலியும் ஒட்டுவதில்லை. அப்படிப் பார்ப்பவருக்கு ஒருவகைச் சங்கடம் ஏற்படுவது இயல்பு. தாம் நேரே கேட்கவில்லை, யாரோ எடுத்துச் சொல்லக் கேட்கிறோம் என்ற உணர்வு மனத்தின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். விருந்து வேறொருவருக்காகச் சமைக்கப்பட்டது. நமக்கும் ஓர் இலை போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அன்பர்களே, அந்தச் சங்கடத்தில்தான் படிப்பினை உள்ளது. காது கேட்பவர் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் உணரும் அந்த விருந்தாளி நிலையில்தான் காது கேளாதோர் ஒவ்வொரு திரையரங்கிலும், ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னும் வாழ்நாள் முழுவதும் அமர்ந்திருக்கின்றனர்.

இந்நிலை எப்பொழுதும் இருந்ததன்று என்பதையும் நாம் அறியவேண்டும். திரைப்படக் கலை பிறந்து வளர்ந்த முதல் முப்பது ஆண்டுகளில், காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே படத்தை ஒன்றுபோலக் கண்டு களித்தனர். உரையாடல் எழுத்தாகத் திரையில் வந்தது. நடிப்பு முகத்திலும் கையிலும் இருந்தது. 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் என்பார் எடுத்த 'நாஸ்ஃபெராட்டு' என்னும் காட்டேரிப் படத்தில், மாடிப்படிச் சுவரில் ஊர்ந்து ஏறும் பேயின் நிழலைக் கண்டு எல்லாரும் ஒன்றாகவே நடுங்கினர். அந்த நடுக்கத்துக்குக் காது தேவைப்படவில்லை.

அக்காலத்துத் திரையில் காது கேளாதோருக்கு இடமும் இருந்தது. 'நாட்டர்டாம் கூனன்', 'ஓபரா மாளிகைப் பேய்' ஆகிய படங்களில் தம் முகத்தாலேயே உலகை அச்சுறுத்திய லான் சேனியின் தாயும் தந்தையும் காது கேளாதவர்கள். அவருடைய தாய்வழிப் பாட்டனார் 1874-இல் கொலராடோவில் காது கேளாதோருக்கான பள்ளி ஒன்றை நிறுவியவர். பெற்றோருடன் கையாலும் முகத்தாலும் பேசி வளர்ந்த பிள்ளை, பேசாமலே பேசும் நடிகரானதில் வியப்பு என்ன? சார்லி சாப்ளினின் நண்பரான ஓவியர் கிரான்வில் ரெட்மண்டும் காது கேளாதவரே; சாப்ளினின் படங்கள் சிலவற்றில் அவர் சிறு வேடங்களில் நடித்துள்ளார்.

பின்னர் 1927 அக்டோபரில் 'ஜாஸ் சிங்கர்' வந்தது. திரை வாய் திறந்தது. உலகமே கைதட்டி வரவேற்றது. சில ஆண்டுகளுக்குள் எழுத்து அட்டைகள் திரையிலிருந்து மறைந்தன. 1931-இல் பேலா லுகோசி நடித்த 'டிராகுலா' வந்தபோது, அதன் அச்சத்தில் பாதி அவருடைய குரலில் இருந்தது. இழுத்து இழுத்துப் பேசிய அந்த ஹங்கேரிய உச்சரிப்பில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாஸ்ஃபெராட்டுவைக் கண்டு நடுங்கிய காது கேளாதவர், இப்பொழுது வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருட்டில் அமர்ந்திருந்தார்.

தமிழில் நாம் பழைய படங்களை 'ஊமைப்படம்' என்றும், பின் வந்தவற்றைப் 'பேசும் படம்' என்றும் பெயரிட்டோம். காது கேளாதவரைக் கேட்டால் பெயரை மாற்றிச் சொல்வார். அவர்க்கு ஊமைப்படம்தான் பேசிற்று. பேசும் படம் வந்த நாளில்தான் திரை ஊமையாயிற்று.

சைகை மொழி என்பது வாய்மொழிக்குப் பதிலாக எடுத்தாளும் அரைகுறைக் குறிப்பு என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது தவறு. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அறிஞர், அமெரிக்கச் சைகை மொழி தனக்கெனக் கட்டமைப்பு உடைய முழுமொழியே என்று ஆராய்ந்து காட்டினார். அம்மொழியின் வரலாற்றில் குருக்கள் இருவருக்குப் பங்கு உண்டு என்பதால், அதனை இங்குச் சொல்லாமல் விடுவது முறையன்று.

முதலாமவர் பாரிசு நகரத்துக் குருவானவர் ஷார்ல்-மிஷேல் தெ லெப்பே. 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காது கேளாத சகோதரியர் இருவருக்குக் கற்பிக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். அவர்களுடைய கைகள் ஏற்கெனவே ஒரு மொழியைப் பேசுகின்றன என்று கண்டுகொண்டதே அவருடைய பெருமை. கற்பிக்க வந்தவர் முதலில் அவர்களிடம் கற்றார். அவர் தொடங்கிய பள்ளியில் பயின்ற லோரான் கிளேர் என்னும் காது கேளாத ஆசிரியர் 1816-இல் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். மறு ஆண்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி திறக்கப்பட்டது. பாரிசிலிருந்து வந்த சைகைகளும் அந்நாட்டுக் காது கேளாதோரிடம் முன்னரே வழங்கிய சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகை மொழி உருவாயிற்று. ஒரு குருவானவர் வீட்டுப் பாடத்தில் தொடங்கிய வழி, இருநூறு ஆண்டுக்குப் பின் ஒரு காட்டேரியின் கைகள் வரை வந்து சேர்ந்ததை எண்ணினால் புன்னகை வருகிறது.

இரண்டாமவரை எண்ணும்போது புன்னகை வருவதில்லை. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றிய மாநாடு கூடியது. வாய்ப்பேச்சு வழியே கற்பிப்பதுதான் சிறந்தது; சைகை வேண்டா என்று அம்மாநாடு தீர்மானித்தது. தீர்மானித்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்கள். தலைமை தாங்கியவர் ஜூலியோ தாரா என்னும் குருவானவர். அவர் காது கேளாத பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர். அவர்மீது வஞ்சக எண்ணம் எதனையும் யாரும் சுமத்தார். ஆயினும் அத்தீர்மானத்தின் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் குழந்தைகளின் கைகள் அடக்கப்பட்டன. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, 130 ஆண்டுகளுக்குப் பின், அத்தீர்மானத்தைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. ஒருவர் கேட்டுக் கற்றார்; மற்றவர் கேளாமல் முடிவு செய்தார். இருவரும் நல்லவரே. நன்மை செய்ய விரும்புகிற ஒவ்வொருவரும் இவ்விரு குருக்களையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கவேண்டும்.

தம் மொழி அழிந்துவிடுமோ என்று அஞ்சிய அமெரிக்கக் காது கேளாதோர் அக்காலத்தில் செய்தது என்ன தெரியுமா? திரைப்படத்தைத் துணைக்கு அழைத்தனர். சைகை மொழியை ஏட்டில் எழுதிவைக்கப் பரவலான வழி அன்று இல்லை. அசைவே அதன் உயிர். எனவே அவர்களுடைய தேசியச் சங்கம் நிதி திரட்டி, சிறந்த பேச்சாளர்களின் சைகை உரைகளைப் படம் பிடித்தது. 1913-இல் ஜார்ஜ் வெடிட்ஸ் என்பவர் தம் மொழியைக் காக்க வேண்டி ஆற்றிய உரை அவ்வாறு பதிவாயிற்று. 2010-இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் அதனை நாட்டின் அரிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. சைகை மொழிக்குத் திரைப்படமே ஓலைச்சுவடி. திரைப்படமே அச்சுப் புத்தகம். அவ்வாறு நோக்கினால், டெஃபுலா அம்மொழியில் வந்த ஒரு நாவல் போன்றது. முதல் நாவல் மலிவான பேய்க்கதையாக இருந்தால் என்ன? எந்த மொழியிலும் காவியம் மட்டுமே எழுதப்படுவதில்லையே!

இனி, வாசகர் பலரின் மனத்தில் எழக்கூடிய ஒரு கேள்விக்கு வருவோம். காது கேளாதோருக்குக் கல்வி வேண்டும், ஞானோபதேசம் வேண்டும், வேலை வேண்டும், அவற்றிற்கு உதவுவோம். ஆனால் காட்டேரிப் படம் தேவையா? அதனை அவர்க்கும் எட்டச் செய்வதற்கு மெனக்கெட வேண்டுமா?

இக்கேள்வியில் நல்லெண்ணம் இருக்கிறது; ஆனால் மிலான் மாநாட்டின் வாடையும் சிறிது அடிக்கிறது. நம் பிள்ளைகள் பார்க்கும் பொழுதுபோக்குப் படங்கள் எல்லாம் ஆன்மாவுக்கு உரமிடுவனவா? காது கேட்கும் பிள்ளை வெறும் கேளிக்கையைப் பார்த்துச் சிரிக்கலாம். காது கேளாத பிள்ளைக்கு மட்டும் பயனுள்ளதைத்தான் தருவோம் என்றால், அப்பிள்ளையை நாம் மாணவனாகவும் நோயாளியாகவும் மட்டுமே காண்கிறோம் என்பது பொருள். தீய படத்தைத் தடுப்பது பெற்றோர் கடமை. அக்கடமை இரு பிள்ளைகளுக்கும் ஒன்றே. பயனற்றது என்று ஒருவர் ஒதுக்கவேண்டுமானாலும், முதலில் அது அவர் கைக்கு எட்டவேண்டும். எட்டாத பண்டத்தை வேண்டா என்று சொல்வதில் துறவு இல்லை.

இதனை முன்னரே உணர்ந்தோர் உளர். எமர்சன் ரொமேரோ என்பவர் பேசாப்பட நாள்களில் 'டாமி ஆல்பர்ட்' என்ற பெயரில் நகைச்சுவைப் படங்களில் நடித்த காது கேளாத நடிகர். பேசும் படம் வந்தபின் அவருடைய வாழ்வும் மாறிற்று. 1947-இல் அவர் சில பேசும் படங்களைப் பெற்று, காட்சிகளுக்கிடையே எழுத்து அட்டைகளை வெட்டி ஒட்டிக் காது கேளாதோர் மன்றங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். படம் நீளும், ஒலி துண்டு துண்டாகும், எனினும் கதை புரிந்தது. பின்னர் எட்மண்ட் போட்னர் என்பவர், படத்தின் அடியிலேயே எழுத்துகளைப் பொறிக்கும் முயற்சியை முன்னெடுத்தார். அவர் கிளேர் கற்பித்த அதே ஹார்ட்ஃபோர்டு பள்ளியின் தலைவர். 1958 செப்டம்பர் 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட சட்டத்தால் இப்பணி அரசின் பொறுப்பாயிற்று. மற்றவர் பார்க்கும் அதே படங்களை எழுத்துடன் காது கேளாதோருக்கு இரவல் கொடுப்பதே அச்சட்டத்தின் முதல் நோக்கம். கல்விப் பணிகளுக்கு அது விரிவாக்கப்பட்டது 1962-இல்தான். முதலில் பொழுதுபோக்கு, பின்னர் பாடம்! சட்டம் செய்தோர் மனிதரை அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

எழுத்து சேர்ப்பது ஒரு வழி. ஆனால் அது எடுத்து முடித்த படத்தில் பின்னர் ஒட்டும் ஒட்டு. முதலிலிருந்தே சைகை மொழியில் படம் எடுப்பது வேறு. அதன் நுணுக்கங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அச்சுறுத்தும் படம் என்றால் இருட்டு வேண்டும். ஆனால் இருட்டில் கைகள் தெரியா. கைகள் தெரியாவிடில் பேச்சு இல்லை. முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டினால் கைகள் திரைக்கு வெளியே போய்விடும். கைகளை மட்டும் காட்டினாலும் பொருள் குறையும். ஏனெனில் அம்மொழியில் புருவமும் கன்னமும் இலக்கணத்தில் பங்கு பெறுகின்றன. வினா என்பதைப் புருவத்தின் அசைவு காட்டும். முதுகைத் திருப்பினால் உரையாடல் அற்றுப்போகும். கையில் விளக்கு ஏந்தியவன் பாதிப் பேச்சே பேச முடியும். மற்றப் படங்களில் கதவு கிறீச்சிடுவதும் காலடி ஓசையும் செய்யும் வேலையை இங்குக் கண்ணுக்குத் தெரியும் ஒன்று செய்யவேண்டும். ஆகவே ஒளியையும் இடத்தையும் காட்சியையும் காது கேளாதவரின் கண்ணை அளவாக வைத்தே வகுக்கவேண்டும். அவரை மனத்தில் வைத்துக் கட்டிய வீட்டுக்கும், கட்டி முடித்தபின் அவருக்காகச் சாய்த்து வைத்த ஏணிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆயினும் டெஃபுலா எல்லாருக்கும் கதவு திறந்தது என்று சொல்வதற்கில்லை. காது கேட்போருக்கெனச் சேர்க்கப்பட்டது குரல். அக்குரலைக் கேட்க முடியாத, அமெரிக்கச் சைகை மொழியும் அறியாத ஒருவர் வெளியேதான் நின்றார். முதுமையில் செவி மங்கியவரை எண்ணிப் பாருங்கள், அவர்க்குச் சைகை தெரியாது, குரலும் எட்டாது. உலகக் காது கேளாதோர் எல்லாருக்கும் ஒரே சைகை மொழி என்பதும் மெய்யன்று. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரே ஆங்கிலத்தைப் பேசினும், அவ்விரு நாடுகளின் சைகை மொழிகள் வெவ்வேறு. எழுத்துகளைக் காட்ட அமெரிக்கர் ஒரு கையையும், இங்கிலாந்தினர் இரு கைகளையும் பயன்படுத்துவர். ஆக, ஒருவருக்குத் திறந்த கதவு மற்றொருவருக்குச் சுவராகலாம். இன்னார் இன்னும் வெளியே நிற்கிறாரா என்று திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

அண்மைக் காலத்துப் படங்கள் இரண்டு இதனை இரு விதமாகக் காட்டுகின்றன. 2014-இல் உக்ரைனில் எடுக்கப்பட்ட 'தி டிரைப்' என்னும் படம் முழுவதும் அந்நாட்டுச் சைகை மொழியில் உள்ளது. எழுத்தும் இல்லை, பின்னணிக் குரலும் இல்லை. காது கேட்போர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கேன் விழாவில் பரிசு பெற்ற படம் அது. எனினும் கொடுமையும் ஆபாசமும் மிகுந்தது, இளையோர்க்கு ஆகாது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2021-இல் வந்த 'கோடா' வேறு வழியை நாடியது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேட்கும் மகளின் கதை அது. அமெரிக்கத் திரையரங்குகளில் ஒவ்வொரு காட்சியிலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி எழுத்து வரிகளுடனேயே அது திரையிடப்பட்டது. தனிக் கருவி கேட்டு எவரும் வாயிலில் நிற்கவேண்டியதில்லை. 2022-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு அதற்குக் கிடைத்தது. அதில் தந்தையாக நடித்த டிராய் காட்சர், நடிப்புக்கு அப்பரிசு பெற்ற முதல் காது கேளாத ஆடவர் ஆனார். 1987-இல் மார்லி மாட்லின் அம்மையார் பெற்ற பின், இன்னொருவர் பெற 35 ஆண்டுகள் ஆயின.

வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இவ்வரலாறு உண்டு. விரும்புவோர் மட்டும் காணும் எழுத்து வரிகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1980 மார்ச்சில் தொடங்கின. அதற்கெனத் தனிப் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியிலும் அவ்வசதி உள்ளேயே அமைந்தது. இன்று அவ்வெழுத்துகளைப் பார்ப்போர் காது கேளாதோர் மட்டுமா? குழந்தை உறங்கும் அறையில் ஒலியைக் குறைத்துப் பார்க்கும் தாய் பார்க்கிறார். புதுமொழி கற்பவர் பார்க்கிறார். செவி மங்கத் தொடங்கியும் அதனை ஒப்புக்கொள்ளாத தாத்தாவும் பார்க்கிறார். ஒருவருக்காக வெட்டிய கிணற்றில் ஊரே நீர் மொள்கிறது.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்திகள் என்று பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. அமெரிக்காவில் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளுள் 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்று கணக்கிட்டுள்ளனர். ஆகவே அக்குழந்தை முதன்முதலில் விருந்தாளியாவது திரையரங்கில் அன்று. தன் வீட்டுச் சாப்பாட்டு வேளையில். எல்லாரும் ஏதோ சொல்லிச் சிரிக்கின்றனர். குழந்தை தாயின் கையைத் தொட்டு, என்ன என்று கண்ணால் கேட்கிறது. 'ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்' என்கிறார் தாய். அன்பில்லாத தாயல்லர், நேரமில்லாத தாய். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. வந்தாலும், ஆறிப்போன சிரிப்பையே கொண்டுவருகிறது.

குடும்பம் என்பது ஒன்றாக உண்பது மட்டுமன்று. ஒன்றாகச் சிரிப்பதும், பேய்க்கதை கேட்டு ஒன்றாக அஞ்சி ஒருவரையொருவர் பற்றிக்கொள்வதும் ஆகும். அந்த நொடியில் பங்கு கிடைக்காத பிள்ளைக்குப் பின்னர் எத்தனை அறிவுரை கொடுத்தாலும் ஈடாகாது. டெஃபுலா நல்ல படமா என்று கேட்டால், நடுத்தரத்துக்கும் சற்றுக் கீழே என்போம். ஆனால் அப்படம் ஓடிய ஒவ்வோர் இருண்ட அரங்கிலும் காது கேளாதவர் தம் சொந்த மொழியில், எவரும் எடுத்துச் சொல்லாமல், உரிய நொடியிலேயே அஞ்சும் வாய்ப்பைப் பெற்றார். பக்கத்தில் இருந்த காது கேட்பவர்தான், குரல் வரட்டும் என்று காத்திருந்தார்.

எனவே, நம் வீட்டிலோ சுற்றத்திலோ அண்டையிலோ அத்தகையவர் ஒருவர் இருப்பின், இம்மாதம் ஒரு சிறு காரியம் செய்வோம். அவர்க்கு எது நல்லது என்று நாமே கூடி முடிவெடுக்குமுன், அவரிடமே கேட்போம். அவருடைய மொழியில் பத்துச் சொல்லேனும் கற்றுக்கொள்வோம். தொலைக்காட்சியில் எழுத்து வரிகள் இருக்குமானால், அவர் கேட்குமுன்னரே போட்டுவைப்போம். சாப்பாட்டு வேளையில் அவர் கையைத் தொட்டு வினவும்போது, பிறகு என்னாமல், அப்பொழுதே சொல்வோம். சொல்வது வெறும் வேடிக்கைப் பேச்சாக இருந்தாலும் சரியே.